வேரிகோசீல்: ஆபரேஷனா, நேரே இக்சியா?

டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 32, கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. மனைவிக்கு வயது 30. இரண்டு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறார்கள். விந்துப் பரிசோதனையில் அளவு 2 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டருக்கு 80 லட்சம் அணுக்கள், அசைவு 24 சதவீதம் என்று வந்திருக்கிறது. இடது விதைப்பையில் மூன்றாம் நிலை வேரிகோசீல், அதாவது சிரை வீக்கம். ஒரு யூராலஜிஸ்ட் (சிறுநீர், ஆண் உறுப்பு நோய்களைப் பார்க்கும் டாக்டர்) வயிற்றில் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்கிறார், இன்னொருவர் மைக்ராஸ்கோப் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்கிறார். குழந்தைப்பேறு கிளினிக்கிலோ, "அதெல்லாம் எதற்கு, நேரே இக்சி செய்துவிடலாம்" என்று சொல்லிவிட்டார்களாம் (இக்சி என்றால் லேபில் ஒரு விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவது). இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் "இங்கே இந்த ஆபரேஷனைச் செய்வதே இல்லை" என்கிறார். அம்மா தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் யூராலஜி பார்க்கிறவன். எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்வதானால்: ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், மைக்ராஸ்கோப் முறையில், அதில் கை பழகிய சர்ஜனிடம். ஆனால் தேதி குறிப்பதற்கு முன் உங்கள் மனைவிக்கு அடிப்படைப் பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். அவருடைய வயதும் கருமுட்டை இருப்பும்தான் இந்த விஷயத்தில் உண்மையான கெடு. உங்கள் ரத்தக்குழாய் ஆறு மாதம் காத்திருக்கும், அவருடைய கருமுட்டை காத்திருக்குமா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி விவரமாகச் சொல்கிறேன்.

விதையிலிருந்து அழுக்கு ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். அவற்றின் வால்வுகள் வேலை செய்யாமல் ரத்தம் கீழேயே தேங்கி, சிரைகள் வீங்கிச் சுருண்டுவிடுவதுதான் வேரிகோசீல். மூன்றாம் நிலை என்றால் நிற்கும்போதே தோலுக்கு மேல் கண்ணால் பார்க்கலாம், தொட்டால் பைக்குள் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் இருக்கும். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே இருக்கிறார்கள். குழந்தை இல்லையென்று பரிசோதனைக்கு வரும் ஆண்களை எடுத்துக்கொண்டால் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஏன் பெரும்பாலும் இடது பக்கம்? இடது விதையின் சிரை நீளமானது, அது இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. வலது பக்கச் சிரை உடலின் பெரிய சிரையில் சாய்வாகவே இறங்கிவிடுவதால் அங்கே தேக்கம் குறைவு. அதனால் வலது பக்கம் மட்டும் வேரிகோசீல் இருந்தாலோ, நடுத்தர வயதுக்குப் பிறகு திடீரென்று வந்தாலோ, படுத்த பிறகும் வீக்கம் வடியாமல் இருந்தாலோ வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்த்தே ஆக வேண்டும். உள்ளே ஏதாவது கட்டி சிரையை அழுத்திக்கொண்டிருக்கலாம். உங்கள் கதை அதுவல்ல, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். தேங்கிய ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது. கூடவே ஆக்சிஜன் சார்ந்த ரசாயன அழுத்தம் கூடி, அணுக்களின் அசைவும் உள்ளிருக்கும் மரபுப்பொருளும் சேதமாகின்றன. ஒரு பக்கத்துக் கோளாறுதான் என்றாலும் இரண்டு விதைகளும் பாதிக்கப்படலாம்.

சோனார் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் சோனார் எடுத்துவிடுகிறார்கள். "லேசான வேரிகோசீல்" என்று அதில் ஒரு வரி வந்தால் போதும், அந்த மனிதர் தூக்கத்தைத் தொலைத்துவிடுகிறார். கையில் தட்டுப்படாமல் சோனாரில் மட்டும் தெரிகிற வேரிகோசீலுக்கு ஆபரேஷன் தேவையில்லை. அதைச் சரிசெய்தால் குழந்தை உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்க, ஐரோப்பிய யூராலஜி வழிகாட்டிகள் இரண்டுமே இதில் ஒரே குரலில் பேசுகின்றன. நோயாளியை நிற்கவைத்து, அறை குளிராமல் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் சரியான பரிசோதனை. படுக்கவைத்து மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லியிருந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

விந்துப் பரிசோதனை எத்தனை தடவை செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பிக் கத்தி வைக்கக்கூடாது. சில வார இடைவெளியில் குறைந்தது இரண்டு வேண்டும். ஒவ்வொரு தடவையும் 2 முதல் 7 நாள் உறவு, சுயஇன்பம் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோனால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு அணைத்துவைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஃபீனிக்ஸிலிருந்து காலை நெரிசலில் நகரத்துக்குள் போவதானால் லேபிலேயே அறை கேட்டு அங்கேயே கொடுப்பது நல்லது. முந்தைய மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட அளவுகோலில் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இந்த வடிவக் கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்கும் முறை நம் நாட்டில் பிறந்தது. கேப் டவுன் டைகர்பர்க் ஆஸ்பத்திரியில் தினஸ் க்ரூகர் குழுவினர் 1980களில் உருவாக்கியதைத்தான் இன்று உலகம் முழுவதும் லேப்களில் பின்பற்றுகிறார்கள். அந்தக் கண்டிப்பில் 96 சதவீதம் அணுக்கள் "கோணல்" என்று வந்தாலும் அது இயல்பு என்பதை நினைவில் வையுங்கள். வடிவம் 3 சதவீதம் என்று பார்த்து அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் வடிவத்தைவிட எண்ணிக்கையும் அசைவும்தான் இடிக்கிறது. 2 மில்லிலிட்டரில் மொத்தம் 1 கோடியே 60 லட்சம், அதில் அசைபவை 40 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்த எண்ணிக்கையில் இயற்கையாகக் கரு தங்காது என்று சொல்ல முடியாது, ஆனால் கஷ்டம்.

மச்சான் சொன்னது வெறும் பேச்சு இல்லை. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013ல் வெளியிட்ட வழிகாட்டியில், குழந்தைப்பேறுக்காக வேரிகோசீல் அறுவை செய்ய வேண்டாம் என்றுதான் இருந்தது. அதற்குப் பின்னணி உண்டு. 1952ல் எடின்பரோவைச் சேர்ந்த டல்லக் என்ற சர்ஜன், விந்தணுவே இல்லாத ஒருவருக்கு இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்தபின் அணு திரும்பி, மனைவி கர்ப்பமானதாக எழுதினார். அதன்பிறகு உலகமெங்கும் வெட்டித் தள்ளினார்கள். பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பெரிய பலன் இல்லை என்றார்கள். ஆனால் அந்தத் தொகுப்பில் கையில் தட்டுப்படாத வேரிகோசீல்காரர்களும், விந்து ரிப்போர்ட் நன்றாகவே இருந்தவர்களும் கலந்திருந்தார்கள். குறையே இல்லாதவனுக்கு வைத்தியம் பார்த்தால் பலன் எப்படித் தெரியும்? 2011ல் வெளியான சவுதி அரேபிய ஆய்வு ஒன்றில் கையால் தொட்டு உணரக்கூடிய வேரிகோசீலும் மோசமான ரிப்போர்ட்டும் உள்ளவர்களை மட்டும் எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருடத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 32.9 சதவீதம் பேரின் மனைவியர் இயற்கையாகக் கருத்தரித்தார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 13.9 சதவீதம்.

இந்த எண்ணை நேராகப் பாருங்கள். ஆபரேஷன் செய்தவர்களிலும் மூன்றில் ஒருவர் வீட்டில்தான் கரு தங்கியது, மூன்றில் இருவருக்கு அந்த ஒரு வருடத்தில் இல்லை. உறுதி கொடுக்கிற டாக்டரிடமிருந்து தள்ளியே இருங்கள். விந்து ரிப்போர்ட் முன்னேறுவது என்று பார்த்தால் கணக்கு இன்னும் நன்றாக இருக்கிறது, பத்தில் ஆறு ஏழு பேருக்கு எண்ணிக்கையும் அசைவும் கூடும். குழந்தை உண்டாவதற்கு இன்னொருவருடைய உடம்பும் ஒத்துழைக்க வேண்டுமே, அதனால்தான் இந்த வித்தியாசம்.

அந்த இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினால் மருமகளைத்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள். சாயம் ஏற்றி எக்ஸ்ரே, ஹார்மோன் ஊசி, வயிற்றில் துளை போட்டுப் பார்ப்பது எல்லாம் அவள் பட்டபிறகு, கடைசியாக மகன் சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போவான். நீங்கள் முன்னாலேயே போனது நல்லது. ஆனால் இப்போது கோளாறு உங்களிடம் தெரிந்துவிட்டது என்பதற்காக அவருக்குப் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தால் உங்கள் ஆபரேஷனால் இயற்கையாகக் குழந்தை வரப்போவதில்லை, உடலுக்கு வெளியே லேபில் கருவை உருவாக்கும் ஐவிஎஃப் பக்கம்தான் நேரே பேச வேண்டும். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, சாதாரண சோனார் ஆகியவை போதும். 30 வயதில் எல்லாம் சரியாக இருந்தால் ஆபரேஷன் செய்து ஆறு மாதம், ஒரு வருடம் பொறுக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அவருக்கு 38 வயது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போது கிளினிக்காரர்கள் சொன்னதுதான் சரி.

சரி, எந்த முறை? எல்லா முறையிலும் நோக்கம் ஒன்றுதான்: வீங்கிய சிரைகளைக் கட்டி அடைத்து, நல்ல சிரைகள் வழியாக ரத்தத்தைத் திருப்பிவிடுவது. பலோமோ 1949ல் சொன்ன பழைய முறையில் வயிற்றுப் பக்கம் மேலே திறந்து கட்டுவார்கள். அதில் திரும்பவும் வேரிகோசீல் வருவது ஏறக்குறைய 15 சதவீதம், விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும் அதிகம். லேப்ராஸ்கோப்பியும் ஏறத்தாழ அதே உயரத்தில் கேமரா வைத்துச் செய்வதுதான். இரண்டு பக்கமும் ஒரே தடவையில் முடிக்கலாம் என்பது வசதி. திரும்ப வருவது சில சதவீதம் இருக்கிறது, வயிற்றுக்குள் கருவி நுழைப்பதால் குடலுக்கும் ரத்தக்குழாய்க்கும் அபூர்வமாக ஆபத்து உண்டு. எம்போலைசேஷன் என்பது கத்தியே இல்லாத வழி: ரேடியாலஜிஸ்ட் தொடை இடுக்கு அல்லது கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளே சுருள் கம்பி வைத்து அடைப்பார். வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். சிலருக்குக் குழாய் உரிய இடத்துக்குப் போகாமலே நின்றுவிடும். ஒரு தடவை ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் தடவையாகச் செய்கிறவருக்கு மைக்ராஸ்கோப் முறை. திரும்ப வருவதும் நீர் கோப்பதும் இதில் 1 சதவீதம் அளவில்தான். ஏன் இவ்வளவு குறைவு என்பது ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து பார்த்தால் புரியும். தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. அதன் வழியாக விந்துக்கொடியை வெளியே எடுத்து, அடியில் ஒரு ரப்பர் பட்டை கொடுத்துத் தாங்கவைப்போம். வெறும் கண்ணுக்கு அது விரல் பருமனில் ஒரு கொழுப்புக் கட்டுதான். மைக்ராஸ்கோப்பைத் திருப்பி பத்து, இருபது மடங்கு பெரிதாக்கினால் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகப் பிரியும். நீலமாகப் புடைத்த சிரைகள் பத்துக்கும் மேல் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தமனி ஒளிந்துகொண்டிருக்கும், விதைக்கு உயிர் அதுதான். தொட்டதும் சுருங்கிவிடும், அப்போது எது தமனி எது சிரை என்றே தெரியாது. பப்பாவெரின் மருந்தை இரண்டு சொட்டு விட்டுக் காத்திருப்போம். மெல்ல விரிந்து துடிக்கத் தொடங்கும். குட்டி டாப்ளர் முனையை வைத்தால் அந்தத் துடிப்பு ஸ்பீக்கரில் கேட்கும். அதற்குப் பக்கத்தில் நிறமே இல்லாத நிணநீர்க் குழாய்கள். பழைய முறையில் நீர் கோத்ததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாமல் இவற்றையும் சேர்த்துக் கட்டியதுதான். தமனி, நிணநீர்க் குழாய், விந்துக்குழாய் மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி எல்லாச் சிரைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டுவோம். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

இதில் கருவியைவிட கைதான் முக்கியம். "மைக்ராஸ்கோப் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள், "இதை அடிக்கடி செய்கிறீர்களா" என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பண விஷயம். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் முதலில் ஆத்தரைசேஷன் நம்பர், அதாவது முன் அனுமதி எண் வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் இருவருடைய கட்டணமும் மெடிக்கல் எய்ட் ரேட்டைவிட எவ்வளவு அதிகம் என்று எழுத்தில் கேளுங்கள், அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் கேப் கவர் என்ற கூடுதல் காப்பீடு இருக்கிறவர்களுக்கு அங்கேதான் அது பயன்படும். இப்போதுதான் புதிதாகச் சேரப்போகிறீர்கள் என்றால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்கும் காலம் போட அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. விந்துப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே போன்ற ஆரம்பப் பரிசோதனைகள் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் கொடுக்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. ஐவிஎஃப், இக்சி அதில் இல்லை. கிளினிக்காரர்கள் இக்சி என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள், அதற்குச் சொந்தப் பையிலிருந்துதான் போக வேண்டும், ஒரு சுற்றில் நடக்காவிட்டால் மறு சுற்று. மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் அரசு வழி: உங்கள் பகுதி கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி ஆஸ்பத்திரி, அங்கிருந்து கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரியின் யூராலஜி பிரிவு. புற்றுநோய்க்காரர்களும் சிறுநீர் அடைத்தவர்களும் முன்னால் இருப்பார்கள், உங்கள் முறை வரத் தாமதமாகும். அதனால் கடிதத்தை இன்றே வாங்குங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், மாத்திரையில் அடங்கிவிடும். விதைப்பையைச் சுற்றி ஊதா நிறம் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், வேகமாகப் பெரிதாகும் வீக்கம், காயத்தில் சீழ் இருந்தால் உடனே போங்கள். மேசை வேலை என்றால் ஒரு வாரத்தில் போகலாம். நீங்கள் ப்ராஸ்பெக்டனில் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், உங்களுக்கு நாலு வாரம். வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவர்களுக்கு மூன்று வருடச் சுற்றுக்கு 30 நாள் சிக் லீவ் சட்டப்படி உண்டு. மீதி எத்தனை இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டர் சான்றிதழில் "பாரம் தூக்கக்கூடாது" என்று தனியாக எழுதி வாங்குங்கள். இலகு வேலை கொடுத்தால் முன்னதாகவே திரும்பலாம்.

காவடியும் பாரம்தான். விரதம் இருப்பதில் ஒரு தடையும் இல்லை. ஆனால் தைப்பூசத்துக்கு ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் தேதி வந்தால், இந்த வருடம் பால்குடம் எடுத்துக்கொண்டு காவடியை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள், முருகன் கோபிக்க மாட்டான். முதுகில் கொக்கி குத்தித் தேர் இழுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காயம் ஆறுவதற்குள் கொக்கிக் காயத்தில் கிருமி பிடித்தால் தேவையில்லாத தொல்லை.

சிகரெட்டையும் டக்காவையும் (கஞ்சா) நிறுத்துங்கள். ஜிம்மில் யாராவது "ஆண்மைக்கு" என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் உள்ளே போனால் மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூஜ்யத்துக்குக்கூடப் போகும். உடம்பு முறுக்கேறி, விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் வருகிற இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபார்மசியில் விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் டப்பாக்களால் கெடுதல் பெரிதாக இல்லை, பணம்தான் போகும். 2020ல் வெளியான அமெரிக்க ஆய்வில் அவற்றால் விந்து ரிப்போர்ட் முன்னேறவில்லை.

ஓர் அணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதனால் ஆபரேஷன் முடிந்த மறுமாதமே பரிசோதனைக்கு ஓடாதீர்கள். மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. காயம் ஆறி வலி போனதும் வழக்கம்போல் உறவு வைத்துக்கொள்ளலாம், ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அசையும் அணுக்கள் மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டி நின்றால், விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ என்ற மலிவான வழி உங்களுக்குத் திறக்கிறது. ஒரு வருடமாகியும் ஒன்றும் நடக்காவிட்டால் இக்சிக்குப் போங்கள். ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று அப்போது நினைக்க வேண்டாம், அணுக்களின் தரம் கூடியிருந்தால் அங்கேயும் அது உதவும். ஆறாம் மாத ரிப்போர்ட்டில் எண்ணிக்கை கூடாமல், சிரையும் மறுபடி கையில் தட்டுப்பட்டால் அதே சர்ஜனிடம் போய்க் காட்டுங்கள், எம்போலைசேஷன் பற்றி அப்போது பேசலாம்.